‘வேற யாருக்காவது பங்கு உண்டுங்களா?’

வீட்டு வரி கட்டுவதற்காக மாநகராட்சி வார்டு அலுவலகத்தில் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் நாலு பேர். கம்ப்யூட்டர் மெதுவாக வேலை செய்கிறதென்று உள்ளே இருந்த பெண் சொன்னதற்கு, வழக்கம்போலச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தேன். அப்போதுதான் சரோஜாவின் போன் வந்தது. ஆர்.எஸ்.புரத்தில் ரஹ்மத்தக்காவின் வரி ஆலோசனை அலுவலகத்தில் வெகுகாலமாக வேலை செய்பவர் சரோஜா.

“அண்ணா, அக்கா போயிட்டாங்கண்ணா.”

“எங்க போயிட்டாங்க? நாளைக்கு வரச் சொல்லியிருந்தாங்களே!” என்று அவரிடமும் எரிந்து விழுந்தேன்.

மறுமுனையில் அழுகைதான் கேட்டது. அதற்கப்புறம்தான் இந்த மரமண்டைக்கு விஷயம் உறைத்தது. விடியற்காலையில் தொழுகைக்கு எழுந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டாராம். ஒரு நிமிஷம்கூட யாருக்கும் தொந்தரவு கொடுக்கவில்லை என்றார் சரோஜா. வரிசையை விட்டு வெளியே வந்து, வேப்ப மரத்தடியில் நிறுத்தியிருந்த யாருடைய ஸ்கூட்டர் மேலோ உட்கார்ந்துவிட்டேன். முதலில் கொடுமுடிக்குப் போன் போட்டு என் தங்கச்சி சிவகாமிக்குச் சொன்னேன். “நான் வாரேண்ணா, நீ எனக்காக நில்லு” என்றாள்.

ரஹ்மத்துன்னிசா என்பது அவருடைய முழுப் பெயர். வாடிக்கையாளர்களுக்கெல்லாம் ரஹ்மத்தக்கா. கோயமுத்தூரில் வரிக் கணக்கு எழுதுகிறவர் யாராக இருந்தாலும் ‘ஆடிட்டர்’ என்றுதான் கூப்பிடுவோம். அவரை அப்படிக் கூப்பிட்டால் மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டார். “ஆடிட்டருக்கு வேற பரீட்சைங்க. நான் அதை எழுதலீங்க. வருமான வரி ஆலோசகர்னு போர்டுல போட்டிருக்குது பாருங்க” என்பார். ‘சரிங்க ஆடிட்டரம்மா’ என்று சொல்லிவிட்டுப் போவார்கள் நம்மாட்கள். அவரும் அடுத்த தடவை விடாமல் திருத்துவார்.

அவரிடம் நான் முதலில் போனது கோபத்தோடுதான். கணபதிப் பகுதியில் எங்கள் அப்பா பட்டறை வைத்துச் சம்பாதித்துக் கட்டிய கட்டிடம் ஒன்று இருக்கிறது. முன்னால் ஒரு மருந்துக் கம்பெனியின் குடோன், பின்னால் ஆறு லைன் வீடுகள். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு வாடகையை நான்தான் வாங்கி வந்தேன். குடோன்காரர்கள் வாடகையில் வரி பிடித்து என் பெயரில் கட்டியிருக்கிறார்கள்; நானோ வருமானமே காட்டவில்லை. நோட்டீஸ் வந்துவிட்டது. “குடியிருக்கறவன் என்ற வாடகையில கை வெக்கறதுக்கு எவனுங்க அதிகாரம் குடுத்தது?” என்று படியேறும்போதே கத்திக்கொண்டு போனேன்.

“சட்டம் குடுத்ததுங்க. உக்காருங்க தம்பி. டீ குடிப்பீங்களா?” என்றார். அவ்வளவுதான், என் சத்தம் பாதியாகிவிட்டது.

நான் ஒரு பை நிறைய ரசீது கொண்டு போயிருந்தேன். சிமெண்ட், பெயிண்ட், பிளம்பர் கூலி, மோட்டார் காயில் கட்டியது வரைக்கும். பையைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் என் பக்கமே நகர்த்தி வைத்தார்.

“இது ஒண்ணும் வேண்டியதில்லீங்க. வீட்டு வரி போக மீதியில நூத்துக்கு முப்பதை மராமத்துக்குன்னு சட்டமே கழிச்சுக் குடுத்துருது. நீங்க ஒரு ஆணி அடிச்சாலும் அதே முப்பது, அடிக்காட்டியும் அதே முப்பதுதானுங்க.”

“அட, இதென்ன கொடுமைங்க! அப்ப ஒண்ணுமே செய்யாம உட்டவன் கெட்டிக்காரனுங்களா?”

“சட்டம் அவனைக் கேக்காதுங்க. குடியிருக்கறவங்க கேப்பாங்க.”

இப்படித்தான் ஒவ்வொன்றும். வாங்கி வைத்திருந்த அட்வான்ஸ் தொகையை எங்கே மறைப்பது என்று ஒரு தடவை ரகசியமாகக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். “அதை ஏனுங்க மறைக்கறீங்க? அது உங்க வருமானமே இல்லை. காலி பண்ணும்போது திருப்பிக் குடுக்க வேண்டிய அவங்க பணம்” என்றார். நான் அதுவரை அதை அப்படி நினைத்துப் பார்த்ததே கிடையாது. கொடுக்கும்போதுகூட ஏதோ தானம் செய்கிற மாதிரிதான் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. அதற்காகவே அவரை வைதவர்கள் அநேகம் பேர், நானும் வைதிருக்கிறேன். வரிப் படிவத்தை அனுப்புவதற்கு முன்னால் கட்டிடக்காரர் நேரில் வந்து எதிரே உட்கார வேண்டும். ரஹ்மத்தக்கா ஆங்கிலப் படிவத்தின் ஒவ்வொரு கேள்வியையும் தமிழில் உரக்கப் படிப்பார். நாம் ஒவ்வொன்றுக்கும் வாய் திறந்து பதில் சொல்ல வேண்டும். தலையை ஆட்டினால் செல்லாது. “வாயால சொல்லுங்க” என்பார். மற்ற இடங்களில் போனில் ஓடிபி எண்ணைச் சொன்னால் வேலை முடிந்தது. இவரிடம் அது நடக்காது. “ஓடிபி குடுக்கறதுன்னா கையெழுத்துப் போடற மாதிரிங்க. எதுக்குக் கையெழுத்துப் போடறோம்னு காதுல உழுக வேண்டாமுங்களா?” என்று கேட்பார். ஜூலை கடைசி வாரத்தில் அந்தக் குறுகலான மாடிப்படி முழுக்க ஆட்கள் உட்கார்ந்திருப்போம். மில்காரர், பேக்கரிக்காரர், கிணத்துக்கடவிலிருந்து வந்த தென்னந்தோப்புக்காரர் என்று எல்லோருக்கும் அதே வரிசை. ஆள் தெரிந்து வேகமாக முடித்துக் கொடுக்கிற பேச்சே கிடையாது. பிடிவாதக்காரர், நிதானமென்றால் அப்படி ஒரு நிதானம். நமக்குத்தான் வயிறு எரியும்.

அந்தக் கேள்விகளில் ஒன்று: “இந்தக் கட்டிடத்துல உங்களைத் தவிர வேற யாருக்காவது பங்கு உண்டுங்களா?”

முதல் வருஷம் “இல்லீங்க” என்றேன். அடுத்த வருஷமும் அதேதான். சேர்ந்தாற்போலப் பல வருஷம் அதே பதில். நான் பொய் சொல்வதாக எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் பக்கத்து நினைப்பு அப்படி. பெண்ணுக்குச் சீர், பையனுக்குச் சொத்து. சிவகாமிக்கு நகை போட்டு, சீர் செய்து, கொடுமுடியில் கட்டிக் கொடுத்தாயிற்று, அத்தோடு முடிந்தது. இதை யாரும் எழுதி வைப்பதில்லை. பேசுவதும் இல்லை. ரஹ்மத்தக்காவும் நான் ஒற்றைப் பிள்ளை என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

ஒரு ஜூலையில் சிவகாமி கண் பரிசோதனைக்காகக் கோயமுத்தூர் வந்திருந்தாள். ஆஸ்பத்திரியும் ஆர்.எஸ்.புரத்திலேயே இருந்ததால், கையோடு இந்த வேலையையும் முடித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று அவளையும் அழைத்துக்கொண்டு படியேறினேன்.

“என்ற தங்கச்சிங்க. கொடுமுடியில இருக்குது” என்று அறிமுகம் செய்து வைத்தேன்.

“வாங்க அம்மணி, வாங்க” என்று ரஹ்மத்தக்கா அவளை எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தார். சரோஜா டீ கொண்டுவந்து வைத்தார். ரஹ்மத்தக்கா படிக்க ஆரம்பித்தார். பெயர், விலாசம், குடோன் வாடகை, லைன் வீட்டு வாடகை, வீட்டு வரி கட்டிய ரசீது எல்லாம் சரியாக வந்தது. அடுத்தது அந்தக் கேள்வி.

“உங்களைத் தவிர வேற யாருக்காவது பங்கு உண்டுங்களா?”

“இல்லீங்க” என்றேன்.

சொன்ன வேகத்தில்தான் எனக்கே கேட்டது. பக்கத்தில் என்னோடு பிறந்தவள் உட்கார்ந்திருக்கிறாள். அவள் முகத்தைப் பார்க்காமல் போனை எடுத்துத் தடவினேன். ரஹ்மத்தக்கா கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தார். “இன்னைக்கு சர்வர் படுத்துதுங்க தம்பி. நாளைக்கு வாங்க, முடிச்சுத் தாரேன்” என்றார். சர்வர் நன்றாகத்தான் வேலை செய்துகொண்டிருந்தது. எனக்குத் தெரிந்து அவர் சொன்ன முதல் பொய் அதுதான். என் மானத்தைக் காப்பாற்றச் சொன்னது.

சிவகாமி அன்று எங்கள் வீட்டில் தங்கவில்லை. வேலை கிடக்கிறது என்று சொல்லிவிட்டுச் சாயங்காலமே பஸ் ஏறிப் போய்விட்டாள்.

மறுநாள் போனேன். அவர் படிவத்தைத் திறக்கவே இல்லை.

“தம்பி, உங்க அப்பா உயில் எழுதி வெச்சாருங்களா?”

“இல்லீங்க.”

“தங்கச்சி விடுதலைப் பத்திரம் எழுதிக் குடுத்திருக்கறாங்களா, எனக்குப் பங்கு வேண்டாம்னு?”

“அதெல்லாம் எதுக்குங்க? எங்களுக்குள்ள அப்படியெல்லாம் இல்லீங்க.”

“அப்பப் பாதி அவங்களுதுங்க. அந்தப் பாதி வாடகையை அவங்க கணக்குலதான் காட்டோணும். நீங்க இத்தனை வருஷமா முழுசையும் உங்களுதாக் காட்டியிருக்கறீங்க.”

“முழுசுக்கும் நானே வரியும் கட்டிப்போட்டேனுங்களே! கவர்மெண்டுக்கு இதுல என்னங்க நட்டம்?”

“கவர்மெண்டுக்கு நட்டமில்லீங்க” என்றார்.

எனக்கோ சுருக்கென்று வந்துவிட்டது. குற்றம் நம் மேல் இருக்கும்போதுதானே கோபம் பொத்துக்கொண்டு வரும்? இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிற ஒன்றை அப்போது கேட்டேன். “உங்க மார்க்கத்துல மட்டும் என்னங்க, பையனுக்கு ரெண்டு பங்கு, பொண்ணுக்கு ஒண்ணுதானுங்களே? நீங்க எனக்குச் சொல்றீங்க!”

சரோஜா பதறிப்போய் நிமிர்ந்தார். ரஹ்மத்தக்கா முகம் மாறவில்லை.

“ஆமாங்க தம்பி. எங்க அத்தாவோட கடைக் கட்டிடத்துல அண்ணனுக்கு ரெண்டு, எனக்கு ஒண்ணு. அதையும் வாடகைக்கு உட்டோம். நான் எழுதுன மொத ரிட்டர்ன் அந்த என்ற பங்கு வாடகைக்குத்தானுங்க. அதை எழுதித்தான் இந்தத் தொழிலே கத்துக்கிட்டேன். ரெண்டு சரியா ஒண்ணு சரியான்னு பேசறதுக்குப் பெரியவங்க இருக்கறாங்க. ஆனா எங்கண்ணன் அந்த ஒண்ணை ஒரு நாளும் சைபர்னு எழுதலீங்க.”

பதில் இல்லாதவன் செய்வதைச் செய்தேன். ஃபைலைக் கொடுங்கள் என்று எழுந்துவிட்டேன். சரோஜாவிடம் எடுத்துக் கொடுக்கச் சொன்னார். “பாத்துப் போங்க தம்பி, படி ஈரமா இருக்குது” என்றார்.

அவிநாசி ரோட்டில் ஒரு பெரிய அலுவலகத்தில் கொண்டுபோய் ஃபைலைக் கொடுத்தேன். கண்ணாடிக் கதவு, ஏசி, எல்லாம் பிரமாதம். யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்து அங்கிருந்து போன் வந்தது.

“சார், எல்லாம் ரெடி. ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க.”

ஆறு எண்கள் என் கண்ணுக்கு முன்னால் நிற்கின்றன. நான் திருப்பிக் கேட்டேன்.

“ஏனுங்க, அந்தப் பங்கு கேக்கற எடத்துல என்ன போட்டீங்க?”

“போன வருஷம் மாதிரியே ‘இல்லை’ன்னு போட்டாச்சுங்க சார்.”

என்னைக் கேட்காமலே போட்டுவிட்டார்கள். எனக்கு அதில் நிம்மதியல்லவா வந்திருக்க வேண்டும்? வரவில்லை. யாராவது ஒருவர் கேட்க மாட்டார்களா என்று நான் இரண்டு நாளாகக் காத்துக்கொண்டிருந்தது அப்போதுதான் எனக்கே புரிந்தது. “அப்பறம் சொல்றேனுங்க” என்று போனை வைத்தேன். வைத்த கையோடு கொடுமுடிக்குக் காரை எடுத்தேன்.

சிவகாமி வாசலில் மஞ்சள் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். “வாண்ணா” என்றாள். முகத்தில் சிரிப்பில்லை. மாப்பிள்ளை சாப்பிடச் சொன்னார். நான் உட்காரக்கூட இல்லை.

“கண்ணு, கணபதிக் கட்டிடத்துல உனக்குப் பாதி இருக்குது.”

“தெரியும்ணா.”

“தெரியுமா? அப்பறம் ஏன் நீ கேக்கவே இல்லே?”

“நீ ஒரு நாளைக்குச் சொல்லுவேன்னு இருந்தேன்.” கையில் ஒட்டியிருந்த மஞ்சளைத் தட்டிக்கொண்டே சொன்னாள். “நீ குடுக்காட்டியும் நான் சண்டைக்கு வந்திருக்க மாட்டேண்ணா. ஆனா நான் பக்கத்துல உக்காந்திருக்கும்போதே ‘இல்லீங்க’ன்னு சொன்னயே. பங்கு இல்லேன்னு சொன்ன மாதிரி இல்லேண்ணா. நானே இல்லேன்னு சொன்ன மாதிரி இருந்துது.”

எனக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. அந்த வாசலில் நின்று நான் அழுதேன். மாப்பிள்ளை பாவம், என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து நீட்டினார்.

அந்த வாரமே சிவகாமியையும் கூட்டிக்கொண்டு ஆர்.எஸ்.புரம் படியை மறுபடி ஏறினேன். என்ன சொல்லப்போகிறாரோ என்று எனக்குப் பயம்தான். அவரோ, “உக்காருங்க. அம்மணி, கண்ணு இப்பப் பரவால்லீங்களா?” என்று விசாரித்தார். படிவத்தை முதலிலிருந்து படித்தார். அந்த இடம் வந்தது.

“வேற யாருக்காவது பங்கு உண்டுங்களா?”

“உண்டுங்க.”

“பேருங்க?”

“சிவகாமி.”

“உங்களுக்கு என்ன ஆகோணும்?”

“கூடப் பொறந்தவ” என்றேன்.

சரி என்று தலையை ஆட்டிவிட்டு மேலே படித்தார். பங்குதாரரின் பெயர், பான் எண், எத்தனை பங்கு என்று மட்டுமே படிவத்தில் இருக்கிறது. என்ன உறவு என்று கேட்கிற இடமே இல்லை என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. அவராகச் சேர்த்துக் கேட்டிருக்கிறார்.

அதன்பிறகு குடோன்காரர்களுக்குக் கடிதம் எழுதி வாடகையை இரண்டு பேருக்கும் தனித்தனியாக அனுப்ப வைத்தார். மாநகராட்சிப் பதிவில் சிவகாமியின் பெயரையும் ஏற்ற வைத்தார். அவளுக்கென்று தனி ரிட்டர்ன் எழுதினார். அவள் பங்குக்கும் அதே முப்பது கழிவு உண்டு என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததோடு, “உங்க முப்பதுக்கு நீங்களும் மராமத்துப் பாக்கோணுங்க” என்று சேர்த்துச் சொன்னார். என் தங்கச்சியா லேசுப்பட்டவள்? அடுத்த மாசமே வந்து நின்று ஆறு லைன் வீட்டுக்கும் கக்கூஸ் கதவு மாற்ற வைத்தாள். நான் பல வருஷமாகத் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்த வேலை அது. குடியிருப்பவர்கள் இப்போது எதற்கெடுத்தாலும் என்னை விட்டுவிட்டு அவளுக்குத்தான் போன் செய்கிறார்கள். போகட்டும்.

முன்பு நடந்ததை ரஹ்மத்தக்கா ஒரு தடவைகூட எடுத்துப் பேசியதில்லை. நானாக ஒரு தடவை, “அன்னைக்குத் தப்பாப் பேசிப்போட்டேனுங்க அக்கா” என்று ஆரம்பித்தேன். “எதைச் சொல்றீங்கன்னு ஞாபகம் இல்லீங்க. வீட்டு வரி ரசீதைக் குடுங்க” என்றார். எத்தனையோ கட்டிடங்களின் எத்தனையோ வருஷத்து விவரம் மனப்பாடமாக வைத்திருந்தவருக்கு அது மட்டும் ஞாபகம் இல்லையாம்!

கோட்டைமேட்டில் அவருடைய வீட்டுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் ஆகிவிட்டது. சந்து நிறைய ஆட்கள். ஜூலை மாசத்து மாடிப்படியில் பார்த்த முகங்கள் பாதிக்கு மேல் இருந்தன. வயதான அவருடைய அண்ணன் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, வந்தவர்கள் கையையெல்லாம் பிடித்துக்கொண்டிருந்தார். பெண்கள் உள்ளே இருந்தார்கள். சிவகாமி உள்ளே போனாள். நான் ஆண்களோடு வெளியே நின்றேன். ஜனாஸாவைத் தூக்கியபோது நானும் கொஞ்ச தூரம் தோள் கொடுத்தேன். யாரும் என்னை யாரென்று கேட்கவில்லை. பக்கத்தில் வந்தவர் இடம் விட்டுக் கொடுத்தார்.

அடக்கம் முடிந்து திரும்பி வந்தபோது சிவகாமி சந்து முனையில் எனக்காகக் காத்திருந்தாள். அழுது அழுது கண் வீங்கியிருந்தது. அவரை அவள் மொத்தம் ஏழெட்டுத் தடவைதான் பார்த்திருப்பாள். இந்த அழுகை எனக்குப் புதிராக இருந்தது.

“உங்கிட்டச் சொல்லலேண்ணா” என்றாள். “அன்னைக்கு நீ ‘இல்லீங்க’ன்னு சொன்னயல்ல? நான் எந்திரிச்சுப் போயரலாம்னு பையை எடுத்துப்போட்டேன். டம்ளரைத் தள்ளி வெக்கற மாதிரி அந்தக்கா மேசை மேல என்ற கையைப் புடிச்சுட்டாங்க. நீ போனைத் தடவிட்டு இருந்தே, பாக்கலே. அவங்க உன்னையப் பாத்துத்தான் பேசுனாங்க, சர்வர் படுத்துதுன்னு. என்ற கையை மட்டும் உடவே இல்லே.”

“போயிருந்தா?” என்று கேட்டேன்.

“போயிருந்தேன்னா, சாகற வரைக்கும் உன்ற ஊட்டுப் படி ஏறியிருக்க மாட்டேண்ணா.”

ரஹ்மத்தக்கா, சட்டப்படி நீங்கள் எனக்கு எழுதிக் கொடுத்த ஒவ்வொன்றையும் நான் அறிவேன். அந்த ஒரு பிடியை மட்டும் அறியாமல் இத்தனை காலம் உங்கள் எதிரே உட்கார்ந்து டீ குடித்திருக்கிறேன். என் தங்கச்சி இன்றைக்கு என்னோடு ஒரே காரில் வீடு திரும்புகிறாள். அந்தக் கைக்கு என் கும்பிடு. போய் வாருங்கள் அக்கா.